மலையில முதல் தடவையா நாய்க்குட்டி வளர்க்கப் போறவங்களுக்கு: குட்டியைப் பாக்குறதுக்கு முன்னாடி அம்மா நாயைப் பாருங்க

போன மாசம் எங்க பக்கத்து வீட்டுக்குப் புதுசா குடி வந்த ஒரு தம்பி, "அக்கா, லேப் குட்டி ஒண்ணு புக் பண்ணிட்டேன், ஞாயித்துக்கிழமை மேட்டுப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்கே கொண்டு வந்து குடுத்துடறாங்களாம்"னு சந்தோஷமா வந்து சொன்னான். கேட்டதும் எனக்கு வயித்தைப் பிசைஞ்சுது. 2019ல நானும் அதே பஸ் ஸ்டாண்ட்ல, ஓட்டை போட்ட ஆப்பிள் பெட்டிக்குள்ள வச்சுதான் எங்க ஜூலியை வாங்கினேன். வாட்ஸ்ஆப்ல போட்டோ பாத்து, அட்வான்ஸ் அனுப்பி, மீதிக் காசை கையில குடுத்து, பெட்டியை வாங்கின அஞ்சாவது நிமிஷம் அந்த ஆள் பைக்ல கிளம்பிட்டாரு. "அம்மா நாயைப் பாக்கலாமா"ன்னு கேட்டதுக்கு "அது ஃபார்ம்ல இருக்குக்கா, தூரம்"னார். குட்டிக்கு 45 நாள்னு சொன்னாரு. கோத்தகிரி வந்து டாக்டர்கிட்ட காட்டினப்ப அவர் வாயைத் திறந்து பாத்துட்டு, "பால் பல்லே இன்னும் சரியா முளைக்கல, இது ஒரு மாசக் குட்டிம்மா"ன்னு சொன்னாரு. அஞ்சாவது நாள் பார்வோ, குட்டிங்க உயிரையே எடுக்குற வைரஸ் பேதி. ஆறு நாள் டிரிப்ஸ், மடியில ஹாட் வாட்டர் பேக், ராத்திரி முழுக்க ரத்தம் கலந்த பேதி, அந்த வாடை இன்னும் என் மூக்குல இருக்கு. பிழைச்சுட்டா. ஆனா அதுக்கப்புறம் வந்த கஷ்டம்தான் பெருசு, அதை இந்தக் கட்டுரையில போகப் போக சொல்றேன், ஏன்னா அதைத் தவிர்க்கத்தான் இதை எழுதுறேன்.

அந்தத் தம்பியை உக்கார வச்சு என்னென்ன சொன்னேனோ அதையே இங்க வரிசையா எழுதிடறேன். குன்னூர், ஊட்டி, கோத்தகிரி, கூடலூர் எங்க இருந்தாலும் சரி, கொடைக்கானல் பக்கம் இருக்குறவங்களுக்கும் பெரும்பாலும் இதேதான்.

முதல்ல பப்பி மில்னா என்னன்னு தெரிஞ்சுக்கணும்

பப்பி மில்னு சொன்னதும் பெரிய கம்பெனி மாதிரி ஒண்ணை நினைச்சுக்காதீங்க. மொட்டை மாடியில தகர ஷெட், ஒரு வீட்டோட பின்பக்கம் நாலு கூண்டு, அவ்வளவுதான் இருக்கும். பொட்டை நாயை ஒவ்வொரு தடவை ஹீட்டுக்கு வரும்போதும் இணை சேர்த்து, குட்டி போட வச்சு, குட்டிங்களை எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் வித்து, மறுபடி அதையே செய்யுறது. நாய்க்கு சினைக்காலம் ஏறக்குறைய 63 நாள், ஹீட் சுமாரா ஆறேழு மாசத்துக்கு ஒரு தடவை, அப்ப கணக்குப் போட்டுக்கோங்க, அந்தத் தாய் நாய் உடம்பு தேறுறதுக்குள்ள அடுத்த ஈத்து. வெளிய விடமாட்டாங்க, கம்பி வலை மேலயே நின்னு நின்னு பாதம் புண்ணாகி, பல்லெல்லாம் கெட்டு, குட்டி போட முடியாத நிலைமை வந்ததும் எங்கயாவது ரோட்டுல இறக்கி விட்டுடுவாங்க. மலைப்பாதையில கொண்டை ஊசி வளைவுக்குப் பக்கத்துல பால் மடி தொங்கிப்போன வெளிநாட்டு இன நாய் ஒண்ணு திக்குத் தெரியாம நிக்குறதை நானே பாத்திருக்கேன். அது எங்கிருந்து வந்துச்சுன்னு யாரும் சொல்லப் போறதில்ல, ஆனா அந்த மடியைப் பாத்தாலே எத்தனை ஈத்துன்னு புரிஞ்சுடும்.

நம்ம நாட்டுல இதுக்கு சட்டம் இருக்கு. 1960 மிருகவதைத் தடுப்புச் சட்டத்துக்குக் கீழ 2017ல நாய் இனப்பெருக்கம், விற்பனைக்குன்னே தனி விதிகள் வந்துச்சு. அதுபடி ப்ரீடர் மாநில விலங்குகள் நல வாரியத்துல பதிவு பண்ணியிருக்கணும். 18 மாசம் ஆகாத பொட்டையை இணை சேர்க்கக் கூடாது, வருஷத்துக்கு ஒரு ஈத்துக்கு மேல கூடாது, வாழ்நாள்ல அஞ்சு ஈத்துக்கு மேல கூடாது, 8 வாரம் ஆகாத குட்டியை விக்கவே கூடாது. அந்தக் கடைசி விஷயத்தை மட்டும் பிடிச்சுக்கோங்க. 8 வாரம்னா 56 நாள். "45 நாள் குட்டி ரெடி"ன்னு ஸ்டேட்டஸ் போடறாங்க பாருங்க, அந்த ஒரு வரியிலயே சட்டத்தை மீறுறேன்னு அவங்களே சொல்லிட்டாங்க.

காசு குடுக்குறதுக்கு முன்னாடி

நேர்ல போங்க. குட்டி பிறந்த இடத்துக்கே போங்க. வழியில பாதி தூரம் வந்து தர்றேன், பஸ் ஸ்டாண்டுக்கு வர்றேன், டிரைவர்கிட்ட குடுத்து விடறேன், இதெல்லாம் உங்களுக்கு உதவி மாதிரி தெரியும், நிஜத்துல நீங்க அந்த இடத்தைப் பாத்துடக் கூடாதுங்கறதுக்காகத்தான். இங்கிலாந்துல இதுக்காக ஒரு சட்டமே போட்டாங்க, லூசி சட்டம்னு பேரு, 2020 ஏப்ரல்ல அமலுக்கு வந்துச்சு. 2013ல வேல்ஸ்ல ஒரு பப்பி மில்லுல இருந்து மீட்ட கேவலியர் இன நாய் பேருதான் லூசி, கூண்டுக்குள்ளயே கிடந்து இடுப்பெலும்பு இறுகிப் போயிருந்துச்சு. அந்த சட்டப்படி அங்க நடுவுல ஒரு ஆளோ கடையோ குட்டி விக்க முடியாது, வளர்த்தவங்கதான் விக்கணும், அதுவும் பிறந்த இடத்துல தாய் நாயோட சேத்துக் காட்டித்தான் விக்கணும். நம்ம ஊர்ல யாரும் கட்டாயப்படுத்தப் போறதில்ல, அதனால நீங்களே அதை உங்க வீட்டுச் சட்டமா வச்சுக்கோங்க.

போனதும் அம்மா நாயைத்தான் முதல்ல பாக்கணும். அது உங்களைப் பாத்து எப்படி நடந்துக்குது? வாலாட்டி வருதா, சும்மா ரெண்டு குரைப்பு குரைச்சுட்டு அடங்குதா, இல்ல மூலையில போய் சுவத்தோட ஒட்டிக்குதா? தாயோட பயம் குட்டிக்கு ரத்தத்துலயும் வரும், அதைப் பாத்துக் கத்துக்குறதுலயும் வரும். அப்புறம் குட்டிங்க எங்க இருக்குதுன்னு பாருங்க. வீட்டுக்குள்ள, சமையல் சத்தம், டிவி சத்தம், பசங்க ஓடுற இடத்துல வளருதா, இல்ல தனியா ஷெட்டுலயா? ஷெட்டுல வளர்ந்த குட்டிக்கு மிக்ஸி சத்தம் கூட புதுசு. மூக்கைப் பிடிக்குற நாத்தம், கண்ணுல பூளை, பேதி காய்ஞ்சு ஒட்டின பின்பக்கம், ஒரே இடத்துல அஞ்சாறு இனம் விக்குறது (லேப், பீகிள், ஷிட்ஸூ, ஹஸ்கி எல்லாம் "ஸ்டாக் இருக்கு"ன்னு சொன்னா அங்கயே திரும்பிடுங்க), "கேசிஐ பேப்பரோட ஒரு ரேட்டு, பேப்பர் இல்லாம ஒரு ரேட்டு"ன்னு பேசுறது (கேசிஐன்னா கென்னல் கிளப் ஆஃப் இந்தியா), இதெல்லாம் ஒவ்வொண்ணும் கிளம்பி வர்றதுக்குப் போதுமான காரணம். பேப்பர் இருந்துட்டா நல்ல ப்ரீடர்னு அர்த்தம் இல்ல, அது வம்சாவளியைத்தான் சொல்லும், கூண்டைப் பத்தி ஒண்ணும் சொல்லாது.

நல்ல ஆளுன்னா அவர் உங்களைத்தான் கேள்வி கேப்பாரு. வீட்ல பகல்ல யார் இருப்பாங்க, இதுக்கு முன்னாடி நாய் வளர்த்திருக்கீங்களா, ராத்திரி எங்க படுக்கும், இதெல்லாம் கேட்டா கோவப்படாதீங்க.

இங்க ஒரு விஷயம் மனசைக் கல்லாக்கிட்டு சொல்றேன். போய்ப் பாத்த இடம் மோசமா இருந்து, ஒரு குட்டி உங்க கையை நக்கிட்டு நின்னுச்சுன்னா, "பாவம், இதையாவது காப்பாத்தலாம்"னு காசு குடுத்து வாங்கத் தோணும். எனக்கும் தோணும். ஆனா நீங்க தூக்கிட்டு வந்த மறு மாசமே அந்தக் கூண்டுல அடுத்த குட்டி நிக்கும், அந்தத் தாய்க்கு அடுத்த ஈத்து நடக்கும், அதுக்கு நீங்க குடுத்த காசுதான் தீவனம். வெளிய வந்து முடிஞ்சா போட்டோவோட போலீஸ்லயோ, மாவட்டத்துல இருக்குற கால்நடைத்துறை ஆபீஸ்லயோ எழுத்துல புகார் குடுங்க.

இன நாய்தான் வேணும்னு இல்லாதவங்களுக்கு ஒரு வார்த்தை. நம்ம மலையில எஸ்டேட் லைன் வீடுகள்லயும் ஹட்டிகள்லயும் (படுகர் கிராமங்கள்) அடுப்படிக்குப் பக்கத்துலயே பிறந்து வளர்ற நாட்டுக்குட்டிங்களுக்கு ஈடு எதுவும் இல்லைன்னு நான் மனசார நம்புறேன். பிறந்ததுல இருந்தே பாட்டி, பசங்க, கோழி, மாடு, புகை, ரேடியோ எல்லாத்துக்கும் நடுவுல வளருது. எங்க ரெண்டாவது நாய் கருப்பன் அப்படித்தான் வந்தான். மசினகுடி பக்கம் மாவனல்லாவுல ஐபான் மாதிரி காப்பகங்கள் இருக்கு, ஊட்டிக்குப் பக்கத்துல டபிள்யூவிஎஸ்ங்கற கால்நடை மருத்துவத் தொண்டு அமைப்பு நாட்டு நாய்களுக்கு கருத்தடை, வெறிநாய் தடுப்பூசின்னு வருஷக்கணக்கா வேலை பாக்குறாங்க, அந்த மாதிரி இடங்கள்ல போய் விசாரிச்சாலும் நல்ல வழி சொல்வாங்க.

ஏன் 8 வாரம், ஏன் இவ்வளவு அவசரம்

குட்டிக்கு சுமாரா ரெண்டு வாரத்துல கண்ணு திறக்கும், மூணாவது வாரத்துல காது கேக்க ஆரம்பிக்கும். அந்த மூணாவது வாரத்துல இருந்து ஒரு 12, 14 வாரம் வரைக்கும் அது மூளை எதைப் பாத்தாலும் "சரி, இதுவும் உலகத்துல இருக்கு போல"ன்னு ஏத்துக்கும். அதுக்கப்புறம் அந்தக் கதவு மெதுவா சாத்திக்கும், புதுசா எதைப் பாத்தாலும் முதல்ல பயம்தான் வரும். இதை அமெரிக்காவுல பார் ஹார்பர்ங்கற ஊர்ல இருக்குற ஜாக்சன் ஆய்வுக்கூடத்துல ஸ்காட், ஃபுல்லர்னு ரெண்டு பேர் பல வருஷம் நாய்களை வளர்த்துப் பாத்து 1965ல புத்தகமா எழுதினாங்க. அதுக்கு முன்னாடி 1961ல அதே இடத்துல ஒரு சோதனை வெளியாச்சு. உசரமான வேலி போட்ட வயல்ல மனுஷ வாடையே இல்லாம குட்டிங்களை வளர்த்து, சிலதை ரெண்டு வாரத்துல, சிலதை மூணு, அஞ்சு, ஏழு, ஒன்பது வாரத்துல ஒரு வாரம் மட்டும் வெளிய எடுத்து மனுஷங்களோட பழக விட்டாங்க. 14 வாரம் வரைக்கும் யாருமே தொடாம விட்ட குட்டிங்க காட்டு மிருகம் மாதிரி ஆயிடுச்சு, அதுக்கப்புறம் எவ்வளவு கொஞ்சினாலும் முழுசா மனுஷன்கிட்ட வரல.

இப்ப அந்த ஷெட்டுல பிறந்த குட்டியை நினைச்சுப் பாருங்க. பழகிக்க வேண்டிய வாரங்கள் பூரா இருட்டுலயும் கம்பிக்குள்ளயும் போயிடுது. ஒரு மாசத்துலயே தாய்கிட்ட இருந்து பிரிச்சுட்டா இன்னொண்ணும் போயிடும்: கூடப் பிறந்ததுங்களோட கட்டிப் புரண்டு விளையாடும்போதுதான் எவ்வளவு பலமா கடிச்சா மத்தவனுக்கு வலிக்கும்ங்கறதை குட்டி கத்துக்கும். பலமா கடிச்சா கூட இருக்குறது வீல்னு கத்திட்டு ஆட்டத்தை நிறுத்திடும், தாய் ஒரு உறுமல் உறுமும். அது இல்லாம வந்த ஜூலி எங்க எல்லார் கையையும் பதம் பாத்தா, விளையாட்டுக்குத்தான், ஆனா ரத்தம் வரும்.

வீட்டுக்குக் கொண்டு வர்ற நாள்

கீழ இருந்து மேல வர்றீங்கன்னா வளைவுகள்ல குட்டிக்கு வாந்தி வரும். கிளம்புறதுக்கு ரெண்டு மணி நேரம் முன்னாடி லேசா மட்டும் சாப்பாடு, டிக்கியில போடாதீங்க, மடியில துண்டு விரிச்சு வச்சுக்கோங்க, பர்லியார் பக்கம் ஒரு தடவை வண்டியை நிறுத்தி மடியிலயே வச்சு மூச்சு வாங்க விடுங்க, ஆனா வழியோர மண்ணுல இறக்கி விடாதீங்க. தாய் படுத்த துணி ஒரு துண்டு கேட்டு வாங்கிட்டு வந்தா முதல் ரெண்டு ராத்திரிக்கு அது பெரிய துணை. கீழ 35 டிகிரியில இருந்த குட்டி திடீர்னு ஊட்டி குளிருக்கு வருது, டிசம்பர் ஜனவரின்னா புல்லு மேல உறைபனி, அதனால தரையில இருந்து கொஞ்சம் தூக்கி பலகை போட்டு கம்பளி விரிச்சு, துணி சுத்தின வெந்நீர் பாட்டிலை ஓரமா வைங்க. படுக்கை உங்க ரூம்லயே இருக்கட்டும். தனியா விட்டுட்டு அழ அழ பழகட்டும்னு சொல்றவங்க பேச்சைக் கேக்காதீங்க.

மறுநாளே டாக்டர்கிட்ட போகணும். பூச்சி மருந்து எப்ப குடுத்தாங்க, ஊசி எது போட்டிருக்குன்னு ப்ரீடர் குடுத்த கார்டை எடுத்துட்டுப் போங்க, ஊசி மருந்து பாட்டில்ல இருக்குற ஸ்டிக்கர் கார்டுல ஒட்டியிருக்கணும், வெறும் பேனாவுல தேதி எழுதியிருந்தா போடாத மாதிரிதான் நினைச்சுக்கணும்.

ஊசி முடியுற வரைக்கும் வெளிய எடுக்கக் கூடாதா?

நான் பண்ணின பெரிய தப்பு இங்கதான். பார்வோல இருந்து ஜூலி பிழைச்சதும் பயந்து போய் ஆறு மாசம் வரைக்கும் வாசப்படி தாண்ட விடல. வீட்ல நாங்க மூணு பேர், அவளுக்குத் தெரிஞ்ச உலகமே அவ்வளவுதான். ஏழாவது மாசம் முதல் தடவையா பெல்ட் போட்டு ரோட்டுக்குக் கூட்டிட்டுப் போனப்ப, எதிர்ல மழைக்கோட்டு போட்டு, தலைக்கு மேல பிளாஸ்டிக் தாள் சுத்திக்கிட்டு, முதுகுல கொழுந்து மூட்டையோட நாலு அக்காங்க வந்தாங்க. தினம் எங்க வாசல் வழியா போறவங்கதான். ஜூலி அப்படியே தரையோட படுத்துட்டா, உடம்பெல்லாம் வெடவெடன்னு நடுக்கம், அங்கயே மூத்திரம் போயிட்டா. ஒரு அக்கா பாசமா குனிஞ்சு "ஏண்டி தங்கம் பயப்படுற"ன்னு கையை நீட்டினதும் பல்லைக் காட்டிட்டா. அந்த அக்கா முகம் சுருங்கினது எனக்கு இன்னும் மறக்கல.

ரெண்டு ஆபத்துமே நிஜம். பார்வோ கிருமி மண்ணுல மாசக்கணக்கா உயிரோட இருக்கும், அதனால ஊசி முழுசா முடியாத குட்டியை பஸ் ஸ்டாண்ட், மார்க்கெட், டூரிஸ்ட் நாய் எல்லாம் வர்ற புல்வெளி, இங்கெல்லாம் தரையில விடவே கூடாது. ஆனா ஊசி முடிய எப்படியும் 16 வாரம் ஆயிடும் (பார்வோ, டிஸ்டெம்பர் சேத்த ஊசி 6ல இருந்து 8 வாரத்துக்குள்ள முதல் டோஸ், அப்புறம் மூணு நாலு வாரத்துக்கு ஒண்ணா 16 வாரம் வரைக்கும், வெறிநாய் ஊசி மூணு மாசத்துல), நான் மேல சொன்ன கதவு அதுக்குள்ள சாத்திடும். அதனாலதான் அமெரிக்காவுல நாய் நடத்தை பத்திப் படிச்ச கால்நடை டாக்டர்கள் சங்கம் 2008ல தெளிவா அறிக்கை குடுத்தாங்க: முதல் ஊசியும் பூச்சி மருந்தும் குடுத்து 7 நாள் ஆனதும், 7, 8 வார வயசுலயே குட்டியைப் பழக்க ஆரம்பிக்கணும், ஊசி முழுசா முடியுற வரைக்கும் காத்திருக்க வேண்டாம்னு.

வழி ரொம்ப சுலபம். தூக்கிட்டுப் போங்க. சால்வைக்குள்ள வச்சு, இல்ல துணிப்பை, கூடை எதுலயாவது. கால் தரையில படாது, கண்ணும் காதும் மூக்கும் எல்லாத்தையும் பாக்கும். ஊசி போட்ட, பேதி கீதி இல்லாத, நிதானமான பெரிய நாய் உங்க நண்பர் வீட்ல இருந்தா அந்த வீட்டுக்குள்ள இறக்கி விடலாம்.

நம்ம மலையில எதையெல்லாம் பழக்கணும்

புத்தகத்துல குடை, தொப்பி, லிஃப்ட்னு லிஸ்ட் போட்டிருப்பாங்க. நம்ம ஊருக்கு லிஸ்ட் வேற. மழைக்கோட்டு முதல்ல, ஏன்னா ஜூன்ல இருந்து டிசம்பர் வரைக்கும் பாதி ஜனம் அதுக்குள்ளதான் இருக்கும், அப்புறம் முகத்தை முக்கால்வாசி மூடுற குரங்கு குல்லா, கம்பளி போத்தின தாத்தாங்க, தலையில விறகுக்கட்டு, முதுகுல மூட்டை. நாய்க்கு மனுஷன்னா ஒரு உருவம், மூட்டையோட வர்றது அதுக்கு வேற ஏதோ மிருகம். கருப்பன் வந்த ரெண்டாவது நாளே நான் வீட்டுக்குள்ளயே மழைக்கோட்டைப் போட்டுக்கிட்டு அவனுக்கு சோறு வச்சேன். கோட்டு சரசரன்னு சத்தம் போட்டதும் ரெண்டடி பின்னாடி போனான், தலையைச் சாய்ச்சு பாத்தான், அப்புறம் வந்து கோட்டு நுனியைப் பிடிச்சு இழுக்க ஆரம்பிச்சுட்டான்.

சத்தங்கள்ல, தேயிலை ஃபேக்டரி சங்கு, கொழுந்து வெட்டுற மிஷின், தகரக் கூரை மேல கொட்டுற மழை, காட்டுப் பன்னியையும் யானையையும் விரட்ட வைக்குற வெடி, கோயில் திருவிழா ஸ்பீக்கர். குன்னூர்ல இருக்குறவங்களுக்கு ரயிலே இருக்கு, மேட்டுப்பாளையத்துல இருந்து குன்னூர் வரைக்கும் நீராவி இன்ஜின்தான், ஸ்டேஷனுக்குள்ள போகாதீங்க, எதிர் ரோட்டுல, சத்தம் கேக்கும் ஆனா காதைப் பிளக்காத தூரத்துல, குட்டியை மடியில வச்சுக்கிட்டு உக்காருங்க. கூவும்போது வாயில வேகவச்ச கேரட் ஒரு துண்டு. ஊட்டி கேரட்டு நம்ம ஊர்ல கிடைக்குற மாதிரி வேற எங்க கிடைக்கும், குட்டி பழக்குறதுக்கு அதைவிட மலிவான தீனி எனக்குத் தெரியல. வேகவச்ச கோழி இன்னும் நல்லது.

குதிரை, மாடு, குரங்கு இதெல்லாம் தூரத்துல இருந்து காட்டினா போதும். கொடைக்கானல் ஏரிப்பக்கம், ஊட்டியில எல்லாம் குதிரை நிறைய, நாய் குரைச்சு குதிரை மிரண்டா மேல உக்காந்திருக்குற குழந்தை விழும், அதனால குதிரையைப் பாத்து சும்மா இருக்குற பழக்கம் சின்னதுலயே வரணும். காட்டுமாடு விஷயத்துல மட்டும் பழக்கம் வேண்டாம், அதைப் பாத்தா உங்க காலுக்குப் பின்னாடி வர்ற நாய்தான் நல்ல நாய்.

ஏப்ரல் மே சீசன்ல டூரிஸ்ட் கூட்டம் வரும், "ஐ, பப்பி"ன்னு நாலு பேர் ஒண்ணா குனிஞ்சு தூக்க வருவாங்க. விடாதீங்க. ஒருத்தர் மட்டும் உக்காந்து கையைக் காட்டட்டும், குட்டியா போய் முகர்ந்து பாக்கட்டும். சாக்லேட் குடுக்க வந்தா தடுத்துடுங்க, நம்ம ஊர் ஹோம்மேட் சாக்லேட் மனுஷனுக்கு ருசி, நாய்க்கு விஷம். வெங்காயம், திராட்சையும் அப்படித்தான்.

எப்படிப் பழக்குறது

நிறைய பேர் பழக்குறதுன்னா கூட்டத்துக்கு நடுவுல கொண்டு போய் விட்டா தானா பயம் தெளிஞ்சுடும்னு நினைக்குறாங்க. நடக்காது, பயம் உள்ள போய் உறைஞ்சுடும். அளவு என்னன்னா, குட்டி தீனியை வாங்கிச் சாப்பிடுற தூரம்தான் சரியான தூரம். கேரட்டை மூக்குக்கிட்ட வச்சும் சாப்பிடலைன்னா நீங்க ரொம்பக் கிட்ட வந்துட்டீங்க, பத்தடி பின்னாடி போங்க. தூக்கமே வராம கொட்டாவி விடுறது, சும்மா சும்மா உதட்டை நக்குறது, காதைப் பின்னாடி ஒட்டிக்குறது, வால் காலுக்குள்ள போறது, தலையைத் திருப்பிக்கிட்டு வெள்ளை விழி தெரிய ஓரக்கண்ணால பாக்குறது, இதெல்லாம் அது "போதும்"னு சொல்றது. உறுமினா அடிக்காதீங்க. உறுமலுக்கு அடி வாங்கின நாய் அடுத்த தடவை உறுமாம நேரா கடிக்கும்.

ஒரு நாளைக்கு ஒரு புது விஷயம், பத்து நிமிஷம், வீட்டுக்கு வந்து தூக்கம். தினமும் காது, பாதம், நகம், வாய், வால் எல்லாத்தையும் தொட்டுத் தொட்டு தீனி குடுங்க, பின்னாடி டாக்டர் ஊசி போடும்போது இந்தப் பழக்கம் தெரியும். எட்டுல இருந்து 11 வாரத்துக்குள்ள பல குட்டிங்களுக்கு திடீர்னு ஒரு பயப் பருவம் வரும், நேத்து தாண்டின வாளியைப் பாத்து இன்னைக்கு குரைக்கும், அந்த நாள்ல எதையும் திணிக்காதீங்க.

பல்லு பட்டு ரத்தம் வந்தா, விளையாட்டுக் கடியா இருந்தாலும் கூட, சோப்புப் போட்டு ஓடுற தண்ணியில 15 நிமிஷம் கழுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்க. வெறிநாய்க்கடி ஊசி தயாரிக்குறதுக்காகவே 1907ல குன்னூர்ல பாஸ்டர் நிலையம் ஆரம்பிச்ச மலை இது, இந்த விஷயத்துல அலட்சியம் வேண்டாம்.

ராத்திரி

இதைத் தனியா சொல்லணும். பயந்த சுபாவம் உள்ள நாயை, கடிக்குற நாயை, வீட்டுக்குள்ள வச்சுக்க முடியாம ஜனங்க வெளிய சங்கிலியில கட்டிடறாங்க. நம்ம மலையில அதுக்கு என்ன அர்த்தம்னு எல்லாருக்கும் தெரியும். காலையில எழுந்து பாத்தா சங்கிலி மட்டும் கிடக்கும். சிறுத்தைக்கு கட்டி வச்ச நாயை விட சுலபமான இரை கிடையாது, அதோட ருசி கண்டுட்டு அந்தத் தெருவுக்கே திரும்பத் திரும்ப வரும். குட்டியா இருக்கும்போதே வீட்டுக்குள்ள படுக்கப் பழக்குங்க, இருட்டினதும் கடைசி மூத்திரத்துக்கு லைட்டோட நீங்களும் கூடவே போங்க. மழைக்காலத்துல புல்லுல மேஞ்சுட்டு வந்தா மூக்குக்குள்ள அட்டை ஏறியிருக்கும், ஒரு பக்கம் மட்டும் ரத்தம் வடிஞ்சு விடாம தும்மினா டாக்டர்கிட்ட ஓடுங்க, நீங்களா குச்சி விட்டு எடுக்காதீங்க.

ஏற்கனவே பயந்த நாய் வீட்ல இருந்தா

மில்லுல இருந்து வந்த நாயோ, ஜூலி மாதிரி சின்ன வயசுல எதையும் பாக்காம போன நாயோ உங்ககிட்ட இருந்தா மனசு விட்டுடாதீங்க, ஆனா மாசக்கணக்கு, ஏன் வருஷக்கணக்கு ஆகும்னு தெரிஞ்சுக்கிட்டு ஆரம்பிங்க. தினமும் ஒரே நேரத்துக்கு சாப்பாடு, ஒரே பாதையில நடை, ஓடி ஒளிய ஒரு மூலை, அந்த மூலைக்குள்ள யாரும் கையை விடக் கூடாது. நிதானமான இன்னொரு நாய் கூட இருந்தா அதைப் பாத்து தேறும், ஜூலி பாதி தேறினது கருப்பனால. அவன் கொழுந்துக்கார அக்காங்ககிட்ட வாலாட்டிட்டு ஓடுறதை அவ கேட்டுக்குப் பின்னாடி நின்னு ஒரு வருஷம் பாத்தா. அப்புறம் ஒரு நாள் கேட்டு வரைக்கும் வந்தா, இன்னொரு நாள் கேட்டைத் தாண்டி. அன்னைக்கு பல்லைக் காட்டி பயமுறுத்தினாளே, அதே அக்காதான் இப்ப தினமும் மழைக்கோட்டுப் பையில கேரட் வச்சிருக்காங்க. கையில குடுக்கறதில்ல. ரோட்டோரக் கல்லு மேல வச்சுட்டு, திரும்பிப் பாக்காம ஒரு நாலடி நடந்துடுவாங்க, ஜூலி போய் எடுத்துக்குவா. உங்க வீட்டுக்கு வர்ற விருந்தாளிங்ககிட்டயும் இதையே சொல்லி வைங்க: தீனியைக் கீழ வச்சுட்டு வேற பக்கம் பாக்கச் சொல்லுங்க, மிச்சத்தை நாய் பாத்துக்கும்.